நடந்தவர்களும் ஏறிச் சென்றவர்களும்

ஹஜ்ஜின் கிரியைகள் நிகழும் பாதை நீண்டதன்று. மக்காவிலிருந்து மினாவுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அங்கிருந்து அரஃபாத்துக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அரஃபாத்திலிருந்து முஸ்தலிஃபாவுக்குத் திரும்ப 8 அல்லது 9 கிலோமீட்டர். முஸ்தலிஃபாவிலிருந்து மினாவுக்கு அதைவிடக் குறைவு. நடந்து பழகியவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு பொழுதுக்குள் அடங்கும் தூரமே. ஆயினும், சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு விமானம் பறக்கும் ஐந்தாறு மணி நேரத்தைக் காட்டிலும், பிறை 9 மாலையில் அரஃபாத்தை விட்டுப் புறப்பட்ட பஸ் முஸ்தலிஃபாவைச் சென்றடைய அதிக நேரம் எடுத்துக்கொண்ட ஆண்டுகள் உண்டு. வண்டி அசையாமல் நிற்கிறது. சாளரத்துக்கு வெளியே தல்பியா முழங்கியவாறு மக்கள் நடந்து கடந்து போகின்றனர். உள்ளே இருப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: இறங்கி நடப்பதா, இருந்த இடத்திலேயே இருப்பதா?

இக்கேள்வியைச் சௌகரியத்தைப் பற்றிய சிறு கேள்வி என்று சிலர் எண்ணுவர். நடப்பதே பெருங்கூலி என்று வேறு சிலர் முடிவு கட்டிவிடுவர். ஹஜ் முடித்துத் திரும்பியவர், "எல்லாவற்றையும் நடந்தே நிறைவேற்றினேன்" என்று சொல்வதும், கேட்போர் அதனை வியந்து பாராட்டுவதும் நம் ஊர்களில் வழக்கமாகவே இருந்து வருகின்றன. இக்கேள்விக்குப் பதினான்கு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு, நம் முன்னோர் இதனை வெறும் கால்களின் பிரச்சினையாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

மறையின் சொல்லும் விரிவுரையாளர் கருத்தும்

திருமறையின் ஹஜ் அத்தியாயம் 27ஆம் வசனம், ஹஜ்ஜுக்கு அறிவிப்புச் செய்யுமாறு இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு இறைவன் இட்ட கட்டளையைக் கூறுவது. மக்கள் கால்நடையாகவும், மெலிந்த ஒட்டகைகளின்மீதும், தொலைவிலுள்ள ஆழ்ந்த கணவாய்கள் தோறுமிருந்து வருவர் என்பது அதன் கருத்து. அவ்வசனத்திலுள்ள 'ரிஜால்' என்னும் சொல்லை மாணவர் சிலர் 'ஆடவர்' என்று பொருள்கொண்டு மயங்குவதுண்டு. இங்கே அது 'ராஜில்' என்பதன் பன்மை. நடந்து வருவோர் என்பது பொருள். 'ளாமிர்' என்பது ஒட்டி மெலிந்த வாகனம். புறப்படும்போது கொழுத்திருந்த ஒட்டகை வந்து சேரும்போது மெலிந்திருக்கிறது என்றால், ஏறி வந்தவரின் வழியும் எளிய வழியாக இருக்கவில்லை என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

நடப்போர் முதலில் கூறப்பட்டிருப்பதால் ஆற்றலுள்ளவர் நடந்து செல்வதே மேல் என்று சில அறிஞர் கொண்டனர். பெரும்பாலோர், பெருமானார் (ஸல்) அவர்கள் ஆற்றல் நிறைந்திருந்தும் வாகனத்திலேயே ஹஜ்ஜுச் செய்தார்களாதலால் ஏறிச் செல்வதே மேல் என்றனர். இவ்விரு கருத்தையும் ஹிஜ்ரி 774இல் மறைந்த இப்னு கஸீர் அவர்கள் தம் தஃப்ஸீரில் எடுத்துக் காட்டுகிறார்கள். நடப்போருக்கு அடிதோறும் எழுநூறு நன்மை உண்டென்று ஓர் அறிவிப்பு நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. ஆனால் அதன் ஸனதில் குறை இருப்பதாக ஹதீஸ்கலை வல்லுநர்கள் எழுதியிருக்கின்றனர். ஆகவே அதனை மட்டும் வைத்து முடிவு செய்வது அறிவுடைமையாகாது.

விடைபெறும் ஹஜ்ஜில்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632) நிகழ்ந்த விடைபெறும் ஹஜ்ஜை ஜாபிர் (ரலி) அவர்கள் விரிவாக அறிவித்துள்ளார்கள். அண்ணலார் கஸ்வா என்னும் தம் ஒட்டகையின்மீது அமர்ந்திருக்க, முன்னும் பின்னும் வலமும் இடமும் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் ஏறிச் செல்வோரும் நடந்து செல்வோருமாக மக்கள் நிறைந்திருந்தனர் என்பது அவ்வறிவிப்பின் செய்தி. இரு சாராரும் ஒரே பாதையில் கலந்து சென்றனர். ஒருவரை மற்றவர் குறை கூறியதாக அதில் இல்லை.

பெருமானார் ஏன் ஏறிச் சென்றார்கள்? இதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தந்த விளக்கமொன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஸஃபா, மர்வாவுக்கிடையில் வாகனத்தில் ஸயீ செய்வது சுன்னத்து என்று மக்கள் கூறுவதைப் பற்றி அபுத்துஃபைல் (ரலி) அவர்கள் வினவியபோது, அதில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். ஏறிச் சென்றது உண்மை. ஆனால் காரணம் வேறு. பெருமானாரைக் காண மக்கள் திரண்டு நெருங்கினர்; இளம்பெண்களும் வீடுகளிலிருந்து வெளிப்பட்டு வந்துவிட்டனர்; அண்ணலாரின் முன்னிலையிலிருந்து மக்களை அடித்து விலக்கும் வழக்கம் இல்லை. கூட்டம் பெருகியபோது அவர்கள் வாகனத்தில் ஏறிக்கொண்டார்கள்; மற்றப்படி நடந்து ஸயீ செய்வதே சிறப்பு என்பது அவ்விளக்கம். மக்களை விலக்குவதற்குப் பதிலாகத் தம் பயண முறையையே மாற்றிக்கொண்டார்கள் என்பது இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அரஃபாத்திலிருந்து திரும்பிய அந்த மாலைப் பொழுதை இன்னும் நுணுகிப் பார்க்க வேண்டும். இன்று பஸ்கள் நெருக்கியடித்து நிற்கும் அதே இடைவெளிதான் அது. கஸ்வாவின் தலை சேணத்தின் முற்பகுதியில் படும் அளவுக்கு அண்ணலார் கடிவாளக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மக்களே, அமைதி கொள்ளுங்கள் என்று வலக்கரத்தால் சைகை காட்டியவாறு சென்றார்கள். மணல்மேடு வந்தபோது மட்டும், ஒட்டகை சிரமமின்றி ஏறும்பொருட்டுக் கயிற்றைச் சற்றுத் தளர்த்தினார்கள். பின்னால் அமர்ந்திருந்த உஸாமா (ரலி) அவர்களின் அறிவிப்போ, நடுத்தர வேகத்தில் சென்றார்கள், இடைவெளி கண்டபோது விரைந்தார்கள் என்று கூறுகிறது. வாகனங்களை விரட்டுவதில் புண்ணியம் இல்லை என்ற கருத்திலும் அன்று அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆக, நெரிசலில் நிதானம், வெளி கிடைத்தால் விரைவு: இதுவே அந்த இடத்தின் சுன்னத்து.

முஸ்தலிஃபாவில் நிகழ்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். மக்களின் நெருக்குதல் தொடங்குமுன் மினாவுக்குப் போய்விட அனுமதி கேட்டார்கள்; அனுமதி கிடைத்தது. இதனை அறிவிக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாகாதா என்று பின்னர் ஏங்கினார்கள். அவ்வறிவிப்பில் நெருக்குதலுக்கு வழங்கும் அரபிச் சொல் 'ஹத்மா'. நொறுக்குதல் என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. மனிதத் திரள் மனிதனை நொறுக்கிவிடும் என்பதை அன்றைய அரபிமொழி அறிந்தே இருந்தது. வலுவற்றவர்களைப் பயணச் சுமைகளோடு இரவிலேயே முன்னதாக அனுப்பிய அணியில் தாமும் இருந்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். அப்பொழுது அவர்கள் இளம் பிராயத்தினர்.

மறுநாள் காலை ஜம்ரத்துல் அகபாவில் அண்ணலார் ஒட்டகையின்மீதிருந்தே கல்லெறிந்தார்கள். அக்காட்சியைக் கண்ட குதாமா பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், அங்கே அடிப்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை, 'விலகு, விலகு' என்று கூவுவதும் இல்லை என்ற பொருளில் அறிவித்தார்கள். அதற்கடுத்த நாள்களிலோ கல்லெறியும் இடத்துக்கு நடந்தே போய் நடந்தே திரும்பினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் வாயிலாக அறிகிறோம். ஒரே ஹஜ்ஜில் ஏறியும் சென்றார்கள், நடந்தும் சென்றார்கள்.

நேர்ச்சை செய்தவர்களுக்குக் கிடைத்த தீர்ப்புகளும் இவ்வழியிலேயே அமைந்தன. இரு மைந்தர்கள் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி நடந்த முதியவர் ஒருவரைக் கண்டு பெருமானார் காரணம் கேட்டார்கள். நடந்து செல்வதாக நேர்ந்துகொண்டார் என்று சொல்லப்பட்டது. அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது இறைவனுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறிக்கொள்ளுமாறு பணித்தார்கள். உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்களின் சகோதரி நடந்தே கஃபாவுக்குச் செல்வதாக நேர்ந்தபோது, நடக்கவும் செய்யட்டும், ஏறியும் கொள்ளட்டும் என்பதே விடையாக வந்தது.

மத்ஹபுகளின் தீர்ப்பு

பிற்கால இமாம்களின் கருத்து வேற்றுமையை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபியீ மத்ஹபில், ஏறிச் செல்வதே சிறப்பென்பதை இமாம் நவவீ அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) சரியான கருத்தாக நிறுவுகிறார்கள். பெருமானாரைப் பின்பற்றுதல் ஒரு காரணம். கிரியைகளை உடல் தளராமல் நிறைவேற்ற அது துணைசெய்யும் என்பது மற்றொன்று. ஹனஃபி நூல்கள், ஆற்றலுள்ளவருக்கு நடத்தலின் சிறப்பை ஒப்புகின்றன. எனினும் நோன்பையும் நடையையும் ஒன்றுசேர்ப்பதை இமாம் அபூஹனீஃபா அவர்கள் விரும்பவில்லை என்றும், களைப்பு முற்றினால் குணம் கெட்டு உடன் வருவோரிடம் சச்சரவுக்கு இடமாகும் என்றும் அவை காரணம் காட்டுகின்றன. ஹஜ்ஜில் சச்சரவு கூடாதென்பது திருமறையின் விதியாயிற்றே! இமாம் மாலிக் அவர்களோ, நடக்க வல்லவருக்கு வாகனம் இல்லாமை ஹஜ்ஜைத் தள்ளிப்போடும் காரணமாகாது என்ற கருத்தினர்.

மூன்று மத்ஹபுகளும் எடையிடும் பொருள் ஒன்றே: இப்பயண முறை இந்த மனிதரை எந்நிலையில் கொண்டுபோய் நிறுத்தும்? அரஃபாத்தில் துஆவுக்குக் கையேந்தும் வலிமை மிஞ்சியிருக்குமா? பக்கத்திலிருப்பவரிடம் இன்சொல் பேசும் பொறுமை இருக்குமா? இவ்விரண்டும் போனபின் எஞ்சும் நடையை எந்த இமாமும் புகழவில்லை.

கலீஃபாவின் நடையும் அரசியின் வழியும்

நடந்து ஹஜ்ஜுச் செய்த பெருமக்களும் நம் வரலாற்றில் நிறைய உண்டு. பெருமானாரின் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள், வாகனங்கள் உடன் நடத்திவரப்பட, தாம் கால்நடையாகவே பன்முறை ஹஜ்ஜுச் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர்.

கலீஃபா ஹாரூன் ரஷீது பக்தாதிலிருந்தே நடந்து வந்தார் என்று கதையாகச் சொல்வதுண்டு. ஆனால் ஹிஜ்ரி 179ஆம் ஆண்டு ஹஜ்ஜைப் பற்றித் தபரி எழுதியிருப்பது வேறு. அவர் நடந்தது மக்காவிலிருந்து மினாவுக்கும், மினாவிலிருந்து அரஃபாத்துக்கும். கிரியைத் தலங்கள் எல்லாவற்றுக்கும் நடந்தே சென்றார் என்பது அச்செய்தி. கி.பி. 796இன் முற்பகுதியில் நிகழ்ந்தது அது. பாலைவனம் முழுவதும் நடந்தார் என்பதைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆளரவமற்ற பாலையில் நடக்கும் அரசனைக் காண்போர் இல்லை. ஜனத்திரள் மிகுந்த அந்தச் சில கல் தொலைவிலோ, யார் எவரென்று தெரியாத இஹ்ராம் கோலத்தில், எளியவன் நடக்கும் புழுதியிலேயே அரசனும் நடந்தான்.

அவருடைய மனைவி சுபைதா அம்மையார் (மறைவு ஹிஜ்ரி 216) இன்னும் நிலைத்த பணியொன்றைச் செய்தார். கூஃபாவிலிருந்து மக்கா வரையிலான 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் தங்குமிடங்களும் அமையப் பெரும்பொருள் செலவிட்டார். அவ்வழி இன்றும் 'தர்பு சுபைதா' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாத் வழியாக நீர் கொணர்ந்த 'ஐனு சுபைதா' கால்வாய், நூற்றாண்டுகள் பலவாக ஹாஜிகளின் தாகம் தீர்த்தது. ஏறிச் செல்பவனுக்கு ஒட்டகை நீர் சுமக்கும். வழியோர நீர் இல்லையேல் முதலில் வீழ்பவன் நடப்பவனே.

காஃபிலாக்களின் காலம்

இதே அக்கறையைப் பிற்காலக் காஃபிலாக்களிலும் காண்கிறோம். கி.பி. 1326இல் மக்காவிலிருந்து ஈராக் காஃபிலாவுடன் புறப்பட்ட இப்னு பதூதா, தமக்கு ஒட்டகைமீது பாதிப் பல்லக்கு கிடைத்ததை எழுதுகிறார். கூடவே, அக்காஃபிலாவில் ஏழை வழிப்போக்கருக்கென நீர் சுமக்கும் ஒட்டகைகளும், தானமாக வழங்கும் உணவுப் பொருள்களையும் நோயாளருக்கான மருந்துகளையும் சுமக்கும் ஒட்டகைகளும் தனியே வந்ததையும், பெரிய பித்தளைக் கொப்பரைகளில் சமைத்து இல்லாதவருக்கு ஊட்டியதையும், இரவில் தீவர்த்திகளை முன்னே ஏந்திச் சென்றதையும் விவரிக்கிறார். நடப்பவனுக்கு அக்காஃபிலாவில் ஓர் இடம் இருந்தது. அவன் திருட்டுத்தனமாகப் பின்தொடர்ந்து வந்தவன் அல்லன்.

இதனால் அக்காலத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன என்று எண்ணிவிடலாகாது. கி.பி. 1184இல் ஹஜ்ஜுச் செய்த அந்தலூஸ் நாட்டு இப்னு ஜுபைர், சூரியன் சாய்ந்ததும் இமாம் கையசைத்த கணத்தில் அரஃபாத்தே அதிரும்படி மக்கள் பாய்ந்து புறப்பட்டதை எழுதியிருக்கிறார். 1814இல் அங்கிருந்த சுவிட்சர்லாந்துக்காரர் புர்க்ஹார்ட், ஏறத்தாழ 70,000 பேர் கூடியிருந்ததாக மதிப்பிட்டார். ஷாம் நாட்டு மஹ்மலும் மிஸ்று நாட்டு மஹ்மலும் ஒன்றையொன்று முந்த முயன்றதில் முற்காலங்களில் இரத்தம் சிந்தியதையும், சில சமயம் இருநூறு உயிர்கள்வரை பலியானதையும் அவர் பதிவு செய்துள்ளார். அண்ணலார் கயிற்றை இறுக்கிப் பிடித்துச் சென்ற அதே வழியில், யாருடைய பல்லக்கு முந்துவது என்ற மானப் பிரச்சினைக்காக மனிதர் மடிந்தனர்!

இயந்திர வாகனம் வந்தபின்

1920களின் இறுதியிலிருந்து ஹிஜாஸில் மோட்டார் வண்டிகள் பெருகலாயின. ஒட்டகைக்காரர்களின் தொழில் நலிந்தது. ஜித்தா-மக்கா வழி சில மணி நேரத்துக்குள் சுருங்கிற்று. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு ஹாஜிகள் ஒரு லட்சம் அளவினர். 1983இல் அத்தொகை பத்து லட்சத்தைக் கடந்தது. நம் நாட்டிலிருந்து கப்பலில் செல்லும் வழக்கமும் 1995ஆம் ஆண்டோடு முடிவுற்று, எல்லாருமே விமானத்தில் செல்வோராயினர். உள்நாட்டாரையும் சேர்த்து 2012இல் ஹஜ்ஜுச் செய்தோர் 31,61,573 பேர் என்பது சவூதி அரசின் கணக்கு. கணவாய்களோ பழைய கணவாய்களே. மினா பள்ளத்தாக்கை மலைகள் இருபுறமும் நெருக்கி நிற்கின்றன.

பஸ்ஸின் இயல்பு ஒட்டகையின் இயல்பன்று. கூட்டம் மிகுந்தால் ஒட்டகை மெதுவாகவேனும் ஊர்ந்து நகரும். பஸ்ஸோ முன்வண்டி நின்றால் தானும் நின்றுவிடும். நிற்கும்போதும் புகையையும் வெப்பத்தையும் கக்கும். ஒரு பஸ் பழுதாகி நின்றால் அதன் பின்னுள்ள நூறு பஸ்களும் நிற்கும். எல்லா முஅல்லிம்களின் வண்டிகளும் ஒரே மாலையில், ஒரே திசையில், மஃரிபுக்குப் பின்னரே புறப்பட்டாக வேண்டும். ஆகவே நடப்போர் முந்திச் செல்வதும் அமர்ந்திருப்போர் பிந்திப் போவதும் வியப்பன்று.

இதனை அறிவியல் முறையில் ஆராய, சாமி அங்காவி என்னும் மக்காவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் 1975இல் ஹஜ் ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். நடப்போருக்கென வாகனம் புகாத தனிப் பாதைகளும், மலையைக் குடைந்த சுரங்க வழிகளும், பிற்காலத்தில் நிழற்கூரைகளும் நீர்த்தூவிகளும் அமைந்தன. ஹிஜ்ரி 1416இல் (கி.பி. 1996) துருக்கி ஹாஜிகளைக் கொண்டு 'தரத்துதிய்யா' என்னும் முறை தொடங்கிற்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி பஸ்களை நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக, பிற வண்டி நுழையாத தனிச் சாலையில் சில பஸ்களே ஆள்களை இறக்கிவிட்டு உடனே திரும்பி வந்து அடுத்த அணியை ஏற்றிச் செல்வது அம்முறை. 2010இல் மஷாஇர் ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அரஃபாத், முஸ்தலிஃபா, மினா ஒவ்வொன்றிலும் மும்மூன்று நிலையங்கள்.

ஆயினும் பாதை அகன்றதால் மட்டும் ஆபத்து அகலவில்லை. 1990 ஜூலை 2ஆம் நாள், நடப்போருக்கென்றே வெட்டிய சுரங்க வழியொன்றில் நெரிசலில் சிக்கி 1,426 பேர் உயிர் நீத்தனர். 2006 ஜனவரி 12ஆம் நாள் ஜம்ராப் பாலத்தின் நுழைவாயிலில் 346 பேர் இறந்தனர். பஸ்களில் வந்திறங்கியோரின் பயணச் சுமைகள் கீழே விழுந்து கிடக்க, அவற்றில் தடுக்கி முன்னவர் வீழ, பின்னவர் அவர்மீது வீழ்ந்ததே காரணமென்று அதிகாரிகள் கூறினர். பஸ்ஸின் பாதையும் நடையின் பாதையும் சந்தித்த இடம் அது. பழைய பாலத்தை இடித்துப் பல தளங்கள் கொண்ட புதிய பாலம் எழுப்பினர். ஆனால் 2015 செப்டம்பர் 24ஆம் நாள், மினாவில் 204ஆம் எண் தெருவிலும் 223ஆம் எண் தெருவிலும் வந்த இரு மனித வெள்ளங்கள் முட்டிக்கொண்டன. அரசு அறிவித்த தொகை 769; நாடுதோறும் அறிவித்தவற்றைச் செய்தி நிறுவனங்கள் கூட்டியபோது 2,400ஐத் தாண்டிற்று.

2006ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2007இல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. திரள் ஓரளவு நெருங்கும்வரை நடை சீராக இருக்கும். நெருக்கம் மிகும்போது நிற்பதும் நகர்வதுமாக அலை எழும். அதற்கும் மேலே சென்றால் தனி மனிதனின் விருப்பத்துக்கு இடமே இல்லை. கடல் துரும்பைப்போல் எத்திசையிலும் தூக்கி எறியப்படுவான். அந்நிலை வந்தபின் எவருடைய பொறுமையும் பயன்தராது. அதற்கு முன்னரே, கால்கள் இன்னும் நம் வசத்தில் இருக்கும்போதே, வேகத்தை அடக்க வேண்டும். கடிவாளக் கயிற்றை இறுக்கிப் பிடித்த அந்தக் கரத்தின் பொருள் இப்போது நன்கு விளங்குகிறதல்லவா?

நடக்க நேர்ந்தவர்கள்

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு முற்றுப்பெறாது. அவ்வாண்டு ஹஜ்ஜுச் செய்தோர் 18,33,164 பேர். ஜூன் மாதக் கொடுவெயிலில் ஹரம் பகுதியில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. 1,301 பேர் இறந்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதி பெறாது வந்தவர்கள் என்றும், நிழலும் தங்குமிடமும் இன்றி நேர்வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் அவ்வறிவிப்பு கூறிற்று.

இவர்கள் சிறப்பு நாடி நடந்தவர்கள் அல்லர். அனுமதிச் சீட்டு இல்லாததால் கூடாரம் இல்லை. கூடாரம் இல்லாததால் பஸ்ஸும் இல்லை. வேறு வழியின்றி நடந்தார்கள். விதியை மீறியது தவறென்று சொல்லி நாம் எளிதில் கடந்துவிடலாம். தவறுதான், வசதியற்றவர்மீது ஹஜ் கடமையாகவே இல்லையென்பதும் சட்டம்தான். ஆனால் வாழ்நாள் ஏக்கத்தையும் வறுமையையும் பயன்படுத்தி, முறையற்ற வழியில் அவர்களை அழைத்துவந்து நடுவழியில் விட்டுச்சென்ற தரகர்களின் பங்கு என்ன? 'நடந்தேனும் செய், நன்மை கூடும்' என்று கணக்குச் சொல்லி ஊக்கிய நாவுகளின் பங்கு என்ன? முதியவரை வாகனத்தில் ஏற்றிவிட்ட நபியின் உம்மத்தில், ஏற வாகனம் இன்றி வெயிலில் விழுந்தவர்கள் அவர்கள். இப்னு பதூதா கண்ட காஃபிலாவில் இத்தகையோருக்கென்று நீர் சுமந்த ஒட்டகைகள் இருந்தன என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஆகவே நடையா வாகனமா என்ற கேள்விக்கு, வரலாற்றைக் கற்ற ஓர் ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் ஒரே சொல்லில் விடை இல்லை. ஆனால் பயணத்துக்கு முன்பே தீர்மானிக்க வேண்டியவை சில உள்ளன. அனுமதியின்றிச் செல்ல முனையும் ஏழையை, அவர்மீது ஹஜ் கடமையில்லை என்ற சட்டத்தை அன்போடு எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டும்; அதனைப் பள்ளிவாசல் மேடைகளில் வெளிப்படையாகவே பேச வேண்டும். முதியவரும் நோயாளரும் பெண்டிரும் முஸ்தலிஃபாவிலிருந்து முன்னதாகப் புறப்படச் சட்டத்தில் இடமுண்டு என்பதைக் குழுவின் தலைவர் அறிந்திருக்க வேண்டும். உடன் செல்லும் இளைஞர் அதனைக் குறைவாகக் கருதலாகாது. கால் வலுவுள்ளவர், முஸ்தலிஃபாவிலிருந்து மினா வரையேனும், அதிகாரிகள் குறித்துத் தந்த பாதையில், வெயில் ஏறுமுன் நடந்து, தம் பஸ் இருக்கையைத் தளர்ந்தவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அந்நடைக்குக் கூலி உண்டா என்று ஐயுற வேண்டியதில்லை. நெரிசல் கண்ட இடத்தில் எதிர்த்திசையில் திரும்புவதும், சுமையோடு நுழைவதும், முன்னிருப்பவரைத் தள்ளுவதும் கூடாது. ஜம்ராவில் 'விலகு, விலகு' என்ற குரல் எழவில்லை என்று குதாமா (ரலி) அவர்கள் அறிவித்தார்களே, அதனை ஹஜ் வகுப்புகளில் துஆக்களோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

நின்ற பஸ்ஸினுள் அமர்ந்திருப்பவருக்கும் ஒரு சொல். அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர் இருப்பார். அவருக்குத் தண்ணீர் தேவைப்படலாம், இறங்கிக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள் தேவைப்படலாம். இறங்கி நடப்பதா இருப்பதா என்பதை, தம் கால்களைக் கேட்பதற்கு முன் அந்த முதியவரைக் கேட்டு அவர் முடிவு செய்யட்டும்.